தேர்வும் தெளிவும்

பொற்கொல்லன் பொன்னைக் கட்டளைக்கல்லில் உரைத்து அதன் மாற்றை அறிகிறான். உழவன் விதைப்பதற்கு முன்னர் விதையை நீரிலிட்டுப் பதரையும் மணியையும் பிரித்தறிகிறான். பொருளின் தரத்தைத் தேர்ந்தறிய விரும்புவது மாந்தர் இயல்பு. கற்ற கல்வியின் தரத்தை அறியும்பொருட்டே பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தேர்வுகள் தோன்றின. ஆயினும் பொன்னுக்கும் மாணவர்க்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கல்லில் உரைப்பதனால் பொன்னின் மாற்று ஏறுவதுமில்லை, குறைவதுமில்லை. மாணவர் உள்ளமோ அத்தகையதன்று. ஒரு தேர்வு அவர்தம் கற்கும் ஆர்வத்தை வளர்த்தலும் கூடும், வாட்டுதலும் கூடும். ஆதலின், தேர்வு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்னும் வினா, மாணவரின் வாழ்வைத் தொடும் வினாவாகும்.

இவ்வினா கணிதத்தில் மிக்க கூர்மையுடன் எழுகின்றது. வரலாற்றுப் பாடத்தில் ஒரு செய்தி மறந்துபோனாலும் ஏனைய செய்திகளை எழுதலாம். கணக்கிலோ, முதல் வரியில் ஒரு குறி மாறினால் கடைசி வரி முழுதும் மாறிவிடும். அதனால் ஒரே தேர்வில் தாழ்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர், 'கணக்கு எனக்கு வாராது' என்று தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டு நூலை மூடிவிடுவதும் உண்டு. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய நாட்டில், ஒரு கண்ணை இவ்வாறு தாமே மூடிக்கொள்வது வருந்தத்தக்கதன்றோ?

இக்காலத்தில் தேர்வு தாளிலிருந்து கணினித் திரைக்கும் இடம் பெயர்ந்துள்ளது. பொறியியற் கல்லூரிகளில் சேர்வதற்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் கணிதப் பகுதி 2019-ஆம் ஆண்டு முதல் கணினி வழியே நடத்தப்பட்டு வருகின்றது. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, உலகெங்கும் பல இலட்சம் மாணவர் தம் இல்லங்களில் இருந்தவாறே இணையவழித் தேர்வு எழுதினர். இம்மாற்றம் கணிதம் கற்கும் ஆர்வத்திற்குத் துணை செய்யுமா, இடையூறு செய்யுமா? இதனை ஆராயப் புகுவோர், கணினி தோன்றுவதற்கு முன்பே தேர்வுக்கும் ஆர்வத்திற்கும் இடையே நிகழ்ந்த போராட்டத்தை முதலில் அறிதல் நன்று.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் டிரைப்பாஸ் என்னும் கணிதத் தேர்வு நெடுங்காலமாக நடந்து வருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனினும் கடுமையான தேர்வு இல்லை என்று பலரும் கருதினர். பல நாள்கள் தொடர்ந்து தேர்வு நடைபெறும். முடிவில், முதல் வகுப்பில் தேறியவர்கள் பெற்ற மதிப்பெண்ணின் வரிசைப்படி அவர்தம் பெயர்கள் பல்கலைக் கழக மன்றத்தில் படிக்கப்பெறும். முதலிடம் பெற்றவர் 'சீனியர் ரேங்லர்' என்று சிறப்பிக்கப்படுவார். அவர் பெயர் செய்தித்தாள்களில் வெளிவரும். குதிரைப் பந்தயத்தில் எக்குதிரை முந்தும் என்று எதிர்பார்ப்பதுபோல, எம்மாணவர் முந்துவார் என்று மக்கள் எதிர்பார்த்தனர். மாணவர்கள் தனிப் பயிற்சியாளரை நாடினர். கணக்கை விரைவாக முடிக்கும் உத்திகளை அப்பயிற்சியாளர் கற்பித்தனர். 'இக்கணக்கு ஏன் இவ்வாறு அமைந்தது?' என்று வினவி நிற்க நேரம் இல்லாது போயிற்று.

வரிசைப் பட்டியலில் முதலிடம் பெற்றவரே அறிவிலும் முதல்வர் என்று சொல்லிவிட இயலாது. ஒளியும் மின்சாரமும் பற்றிய கொள்கையால் அறிவியலின் போக்கையே மாற்றிய ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், 1854-ஆம் ஆண்டுத் தேர்வில் இரண்டாம் இடமே பெற்றார். முதலிடம் பெற்ற எட்வர்டு ரவுத், பிற்காலத்தில் அத்தேர்வுக்கு மாணவரைப் பயிற்றும் ஆசிரியராகப் பெரும்புகழ் எய்தினார். இருவரும் அறிஞரே. ஆயின், ஒருவர் முந்துவதும் ஒருவர் பிந்துவதும் அத்தேர்வின் அளவுகோலைப் பொறுத்தன. அவர்தம் அறிவின் எல்லையைப் பொறுத்தன அல்ல.

ஜி. எச். ஹார்டி என்னும் கணித மேதையும் இத்தேர்வின் வழியே வந்தவர். 1898-ஆம் ஆண்டுத் தேர்வில் அவர் நான்காம் இடம் பெற்றார். தேர்வுக்கென்றே அளிக்கப்பட்ட பயிற்சி அவருக்கு வெறுப்பையே ஊட்டியது. கணிதத்தை விடுத்து வரலாறு கற்கலாமா என்றுகூட அவர் எண்ணியதுண்டு. அந்நிலையில் லவ் என்னும் பேராசிரியர், ஜோர்டான் என்ற பிரெஞ்சு அறிஞரின் பகுப்பாய்வு நூலைப் படிக்குமாறு அவரிடம் கூறினார். கணிதம் என்பது உண்மையில் யாது என்று தமக்கு முதன்முதலாக உணர்த்தியது அந்நூலே என்று ஹார்டி பின்னாளில் நன்றியுடன் குறித்துள்ளார். ஆண்டுக்கணக்கில் தேர்வுப் பயிற்சி தாராத ஆர்வத்தை ஒரு நல்ல நூல் தந்தது. மதிப்பெண் வரிசையில் பெயர்களை வெளியிடும் முறையை ஒழிக்க ஹார்டியும் முயன்றார். அம்முறை 1909-ஆம் ஆண்டுடன் முடிவுற்றது.

அந்த ஹார்டிக்கு 1913-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதனை எழுதியவர் சீனிவாச இராமானுசன். அவர் வரலாறு தமிழ்நாட்டு மாணவர் நன்கு அறிந்தது. 1904-ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த அவர், கணிதத்திலேயே உள்ளம் தோய்ந்திருந்தமையால் பிற பாடங்களில் தேறாது அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் அவர் வெற்றி பெறவில்லை. ஆயினும் 1918-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

இராமானுசனின் ஆர்வத்தை வளர்த்த நூல் எது என்று அறிவோர் வியப்புறுவர். கார் என்பவர் 1880-களில் வெளியிட்ட கணிதத் தொகுப்பு நூல் அது. கார், தேர்வுகளுக்கு மாணவரைப் பயிற்றிய தனியாசிரியர். ஏறத்தாழ 5,000 கணித முடிவுகளை அவர் அந்நூலில் அடுக்கித் தந்திருந்தார். பெரும்பாலானவற்றுக்கு விரிவான விளக்கம் இல்லை. தேர்வுக்குப் படிப்போர்க்கு அந்நூல் ஒரு நினைவுக் குறிப்பு. இராமானுசனுக்கோ அதன் ஒவ்வொரு வரியும் ஓர் அறைகூவலாக விளங்கியது. 'இம்முடிவு உண்மையா? உண்மையாயின் எவ்வாறு?' என்று அவர் தம்மைத் தாமே வினவினார். தாமே வழி கண்டார். கண்டது சரியா என்பதனை நூலின் முடிவோடு ஒப்பிட்டுத் தெளிந்தார். அங்கே மதிப்பெண் இல்லை, தரவரிசை இல்லை. ஆயினும் நாள்தோறும் தேர்வு நடந்தது. அதனை நடத்தியவரும் எழுதியவரும் அவர் ஒருவரே.

இதனால் தேர்வு வேண்டாவென்றோ, தேர்வில் தவறியவர் அனைவரும் இராமானுசன் ஆவர் என்றோ கொள்ளுதல் பேதைமை. கொள்ளத்தக்க கருத்து வேறொன்று. வண்டி மாட்டைத் தார்க்குச்சியால் குத்தினால் அது ஓடும். குத்துவது நின்றதும் நடை தளரும். மாலையில் தொழுவத்தை நோக்கித் திரும்பும் மாடோ, எவரும் ஓட்டாமலே விரையும். மதிப்பெண்ணும் பரிசும் அச்சமும் புறத்திலிருந்து வரும் தூண்டல்கள். அறியவேண்டும் என்னும் வேட்கை அகத்தில் தோன்றும் தூண்டல். புறத்தூண்டலை மட்டும் தரும் தேர்வு முடிந்ததும் கல்வியும் முடிந்துவிடும். அகத்தூண்டலை எழுப்பும் தேர்வுக்குப் பின்னரே கல்வி தொடங்கும்.

இனி, தேர்வு நடத்தும் பணியைப் பொறியிடம் ஒப்படைக்கும் எண்ணம் எவ்வாறு தோன்றியது என்று காண்போம். 1953-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒரு நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழக உளவியற் பேராசிரியர் ஸ்கின்னர், தம் மகள் பயின்ற பள்ளிக்குச் சென்று நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்த்தார். சில சிறுவர் கணக்கை முன்னமே முடித்துவிட்டு வாளா இருந்தனர். சிலர் செய்வதறியாது திகைத்தனர். தாம் செய்தது சரியா தவறா என்பது ஆசிரியர் தாள்களைத் திருத்தித் தரும் வரையில் எவர்க்கும் தெரியாது. ஆசிரியரைக் குறை கூறுதற்கு இல்லை. ஒருவர் பலரை ஒரே வேளையில் எவ்வாறு திருத்தல் இயலும்? இக்குறையைப் போக்க ஸ்கின்னர் ஒரு கற்பிக்கும் பொறியை அமைத்து, 1954-ஆம் ஆண்டில் அதனை அறிஞர்முன் இயக்கிக் காட்டினார். மாணவர் விடையைப் பொறியில் அமைத்தவுடன் அது சரியா என்பது விளங்கும். ஒவ்வொருவரும் தத்தம் விரைவுக்கு ஏற்ப முன்னேறலாம். அதன் பின்னர் 1960-ஆம் ஆண்டில் இல்லினாய்ப் பல்கலைக் கழகத்தில் 'பிளேட்டோ' என்னும் கணினிவழிக் கற்பித்தல் அமைப்புத் தொடங்கப்பெற்றது. இன்றைய இணையவழித் தேர்வின் முன்னோர் இவையே.

உடனுக்குடன் விடை தெரிவது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால், 'சரி', 'தவறு' என்னும் இரு சொற்கள் மட்டும் போதுமா? இவ்வினாவுக்கு அமெரிக்கச் சிறுவன் ஒருவனின் வரலாறு விடை பகர்கின்றது. 1973-ஆம் ஆண்டில் எர்ல்வாங்கர் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையில் அச்சிறுவன் பென்னி என்ற பெயரால் குறிக்கப்படுகின்றான். அவனுக்கு வயது பன்னிரண்டு. ஆறாம் வகுப்பு மாணவன். அவன் பள்ளியில் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே பயிற்சித் தாள்களைச் செய்து, சிறு தேர்வு எழுதி, நூற்றுக்கு 80 பங்கு விடை சரியானால் அடுத்த படிக்குச் செல்லும் முறை நடைமுறையில் இருந்தது. விடைகள் ஒரு விடைப் பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டன. பென்னி படிகளை விரைந்து கடந்தான். ஆசிரியர் அவனை நல்ல மாணவருள் ஒருவனாகவே கருதினார்.

எர்ல்வாங்கர் அவனோடு அமர்ந்து உரையாடியபோது உண்மை வெளிப்பட்டது. 5/10 என்னும் பின்னத்தைத் தசமமாக எழுதுக என்றால் அவன் 1.5 என்றான். ஐந்தையும் பத்தையும் கூட்டினால் பதினைந்து. இடையே ஒரு புள்ளி வைத்தால் 1.5 என்பது அவன் விதி. அவ்விதிப்படியே 400/400 என்பதனை 8.00 என்றான். 0.3 உடன் 0.4 கூட்டினால் 0.07 என்றான். விதிகள் எல்லாம் யாரோ எப்போதோ உண்டாக்கியவை. சரியான விடை என்பது பட்டியலில் உள்ள விடை. அதே மதிப்பை வேறு வடிவில் எழுதினால் தவறு என்று திருத்திவிடுவர் - இதுவே கணிதத்தைப் பற்றி அவன் கொண்டிருந்த கருத்து. பட்டியலில் ஒளிந்துள்ள விடையைத் தேடிப் பிடிக்கும் வேட்டையாகவே கணிதம் அவனுக்குத் தோன்றியது.

பென்னி அறிவற்றவன் அல்லன். தானே விதிகளை அமைக்கும் அளவுக்கு முயற்சி உடையவன். அவன் விதி பிழையானது என்பதனை அவனுக்குக் காட்டுவார் இல்லாது போயினர். பாதி என்பது ஒன்றினும் குறைவன்றோ, ஒன்றரை எவ்வாறு ஆகும் என்று ஒருவர் வினவியிருந்தால் அவனே விழித்திருப்பான். தேர்வுகள் அவனுக்கு வெற்றியைத் தந்தன, தெளிவைத் தரவில்லை.

பிற்காலத்தில் கணினி வல்லுநர் இக்குறைகளுள் சிலவற்றைக் களைய முற்பட்டனர். 1990-களில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக் கழகத்தில் 'வெப்வொர்க்' என்னும் இணையவழிக் கணிதப் பயிற்சி அமைப்பு உருவாயிற்று. 2000-களில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக் கழகத்தில் கிறிஸ் சாங்வின் என்பவர் 'ஸ்டாக்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்க என்று மட்டும் இவை சொல்வதில்லை; மாணவர் தாமே கோவையை எழுதலாம். 2(அ + 1) என்று ஒருவரும் 2அ + 2 என்று மற்றொருவரும் எழுதினால், இரண்டும் ஒன்றே என்று அவ்வமைப்பு இயற்கணித முறையால் அறிந்துகொள்ளும். பென்னிக்குக் கிட்டாத நீதி இது. மேலும், ஒரே கணக்கில் எண்களை மாற்றி மாற்றி ஒவ்வொரு மாணவர்க்கும் வேறு வினாவை அளிக்கும். அதனால் நண்பரின் விடையைப் பார்த்து எழுதுவதில் பயன் இல்லை. நண்பரிடம் வழியைக் கேட்டு அறிவதில் பயன் உண்டு.

இவ்வகைத் தேர்வின் சிறப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். (அ + 3)² என்பதனை விரித்தெழுதுக என்பது வினா. மாணவர் ஒருவர் அ² + 9 என்று எழுதுகிறார். பள்ளிகளில் பலரும் செய்யும் பிழை இது. 'தவறு' என்று மட்டும் சொல்லும் கணினி அவருக்கு வருத்தத்தையே தரும். நன்கு அமைக்கப்பட்ட கணினியோ, இவ்விடையை எதிர்பார்த்து முன்னமே அமைத்த குறிப்பைக் காட்டும். 'அ என்பதற்கு 1 என்று இடுக. வினாவின் மதிப்பு யாது? உம் விடையின் மதிப்பு யாது?' என்று அது வினவும். ஒன்று 16, மற்றொன்று 10. ஆறு எங்கே போயிற்று? அ அடிப் பக்கமுள்ள சதுரத் தோட்டம் ஒன்றை, நீளத்தில் 3 அடியும் அகலத்தில் 3 அடியும் பெருக்குவதாக எண்ணினால் விடை புலனாகும். பழைய சதுரம் அ². மூலையில் தோன்றும் சிறு சதுரம் 9. இவற்றோடு, இரு பக்கங்களிலும் 3அ பரப்புள்ள துண்டு ஒவ்வொன்று உண்டன்றோ? விடுபட்டது அவ்விரு துண்டுகளே. ஆகவே விடை அ² + 6அ + 9. இவ்வாறு தாமே கண்டுணர்ந்த மாணவர் அதனை மறப்பதரிது. பிழை அவருக்கு இழிவைத் தரவில்லை; ஒரு வாயிலைத் திறந்தது.

ஆயினும் எல்லா இணையவழித் தேர்வுகளும் இத்தகையன அல்ல. ஆதலின் மாணவரிடையே இதனைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. இரண்டிலும் உண்மை உண்டு.

இணையவழித் தேர்வை விரும்பும் மாணவர் கூறுவன இவை. விடை சரியா என்று அறிய ஒரு கிழமை காத்திருக்க வேண்டுவதில்லை. கணக்கு உள்ளத்தில் சூடாக இருக்கும்போதே திருத்தம் கிடைக்கின்றது. வகுப்பில் எழுந்து தவறான விடை கூறினால் பிறர் நகைப்பரோ என்னும் அச்சம் உண்டு, கணினி நகைப்பதில்லை. அது சலிப்பதுமில்லை, பத்து முறை தவறினும் பதினோராம் முறையும் அதே அமைதியுடன் வினவும். பயிற்சித் தேர்வை வேண்டியபோது வேண்டிய அளவு எழுதிப் பார்க்கலாம். இவ்வசதிகளால், முன்னர் அஞ்சி ஒதுங்கிய கணிதத்தை நெருங்கும் துணிவு பிறக்கின்றது.

அதனை விரும்பாத மாணவர் கூறுவனவும் புறக்கணிக்கத் தக்கன அல்ல. தாளில் பத்து வரிகள் எழுதி, கடைசி வரியில் கூட்டலில் தவறினால், ஆசிரியர் முயற்சிக்கு உரிய மதிப்பெண் அளிப்பார். விடையை மட்டும் பார்க்கும் கணினி ஒன்றும் அளியாது. பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் விசைப்பலகையில் எழுதுவது எளிதன்று. 1/2அ என்று எழுதினால், அது அரைமடங்கு அ என்பதா, ஒன்றை 2அ-வால் வகுத்தது என்பதா? அடைப்புக்குறி ஒன்று விடுபட்டதால் கணக்கு அறிந்தவரும் தோற்பர். திரையின் மேல் ஓடும் கடிகாரம் நெஞ்சைப் பதறச் செய்கின்றது. இணைய இணைப்பு இடையில் அறுந்தால் எழுதியது என்னாகுமோ என்னும் கவலை வேறு. 2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடியிருந்தபோது, ஒரே கைப்பேசியை உடன்பிறந்தார் இருவரும் மூவரும் பகிர்ந்துகொள்ள வேண்டிய இல்லங்கள் பல இருந்தன. கைப்பேசியே இல்லாத இல்லங்களும் இருந்தன. கருவி இல்லாமையால் பின்தங்கியவரைக் கணிதத்தில் பின்தங்கியவர் என்று கூறுவது முறையாகுமா?

நான்கு விடைகளுள் ஒன்றைத் தேரும் தேர்வில் மற்றொரு தீமையும் உண்டு. 20 வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையைத் தொட்டாலும், சராசரியாக 5 வினாக்களுக்கு விடை சரியாக அமைந்துவிடும். அ² - 7அ + 12 = 0 என்னும் சமன்பாட்டைத் தீர்க்க அறியாதவரும், கொடுத்துள்ள எண்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்து விடையைப் பிடித்துவிடலாம். இட்டுப் பார்ப்பது தவறன்று; தீர்த்தபின் சரிபார்க்க அது நல்ல வழியே. ஆயின் தீர்க்கும் வழியைக் கல்லாமலே மதிப்பெண் பெறும் பழக்கம் வேரூன்றினால், கணிதத்தின் இன்பம் அவருக்கு எட்டாது. வடிவியலில் ஒரு தேற்றத்தை நிறுவும் அழகையும், கவராயம் கொண்டு வரையும் நேர்த்தியையும் இவ்வகைத் தேர்வு பெரும்பாலும் தொடுவதே இல்லை.

இருதரப்புக் கருத்தையும் சீர்தூக்க, கல்வி ஆய்வுகள் சில துணை செய்கின்றன. 1988-ஆம் ஆண்டில் ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர், இசுரேல் நாட்டில் ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவரிடையே நிகழ்த்திய ஆய்வை வெளியிட்டார். அம்மாணவர்க்குச் சில பயிற்சிகள் அளிக்கப்பட்டன. ஒரு குழுவினர்க்கு மதிப்பெண் மட்டும் தரப்பட்டது. மற்றொரு குழுவினர்க்கு, செய்தது எவ்வாறு உள்ளது, இன்னும் என்ன செய்யலாம் என்னும் குறிப்புரை மட்டும் தரப்பட்டது. மூன்றாம் குழுவினர்க்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்கள், வல்லவராயினும் மெலியராயினும், ஆர்வம் குன்றாது முன்னேறினர். மதிப்பெண் மட்டும் பெற்றவருள் மெலியரின் ஆர்வம் குன்றியது. வியப்பு யாதெனில், இரண்டையும் பெற்றவர்களும் குறிப்புரையால் அத்துணைப் பயன் பெறவில்லை என்பதே. மதிப்பெண் கண்ணிற் பட்டதும் உள்ளம் குறிப்புரையை விட்டுவிடுகின்றது போலும்.

தேர்வு முற்றிலும் தீயதும் அன்று. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவருள் ஒரு சாரார் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு சாரார் படித்ததை நூலைப் பாராது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்து வினவியபோது திரும்பப் படித்தவரே முந்தினர். ஒரு கிழமை கழித்து வினவியபோதோ, எழுதிப் பார்த்தவரே மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். ஆகவே, தன்னைத் தானே சோதித்துக்கொள்வது கல்வியை அளக்கும் செயல் மட்டுமன்று; அது கல்வியே ஆகும்.

இவற்றால் பெறப்படும் உண்மை ஒன்று. தேர்வு தாளில் நடக்கின்றதா, திரையில் நடக்கின்றதா என்பது இரண்டாவது வினா. பிழையைச் சுட்டியதோடு நின்றுவிடுகின்றதா, பிழை பிறந்த இடத்தைக் காட்டி மீண்டும் முயல இடம் தருகின்றதா என்பதே முதல் வினா. மீண்டும் முயல இடம் தரும் தேர்வு எதுவாயினும் அது ஆசிரியருக்கு நிகரான துணை. இடம் தராத தேர்வு, எத்துணை விலையுயர்ந்த கணினியில் நடப்பினும், பொன்னை உரைத்துவிட்டு எறியும் கல்லே ஆகும்.

இதில் மாணவரின் பொறுப்பும் சிறிதன்று. திரையில் மதிப்பெண் தோன்றியவுடன் கணினியை மூடிவிடுவோர்க்கு எந்த அமைப்பும் உதவாது. தவறிய கணக்கை ஓர் ஏட்டில் எழுதி, எந்த வரியில் வழி மாறியது என்று கண்டறிதல் வேண்டும். கண்டறிய இயலாதாயின் ஆசிரியரை அணுகிக் கேட்டல் வேண்டும். கணினி, எதிர்பார்த்த பிழைகளையே அறியும். பென்னியைப்போல் ஒருவர் தாமே அமைத்துக்கொண்ட புதிய பிழையை, எதிரில் அமர்ந்து 'இவ்வாறு ஏன் செய்தாய்?' என்று பரிவுடன் வினவும் ஆசிரியரே அறிவார். சரியான விடை வந்தபோதும், 'இது ஏன் சரி?' என்று தம்மைத் தாமே வினவும் மாணவர், கார் எழுதிய நூலின்முன் அமர்ந்திருந்த இராமானுசனின் வழியில் நடப்பவர் ஆவர்.

மதிப்பெண் ஒரு நாளின் செய்தி. அது மறுநாள் பழையதாகும். தெளிவோ வாழ்நாள் முழுதும் உடன் வரும். தேர்வு முடிந்த பின்னும் தவறிய கணக்கைத் தேடிச் செல்லும் மாணவரே தேர்வில் உண்மையாக வென்றவர்.

பயிற்சி

1. பொன்னை உரைத்தலுக்கும் மாணவரைத் தேர்தலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. காரின் நூல் இராமானுசனுக்கு எவ்வாறு பயன்பட்டது?
3. பென்னியின் விதிப்படி 3/10 என்பதன் தசம வடிவம் யாது? அது பிழை என்பதனை அவனுக்கு எவ்வாறு உணர்த்துவீர்?
4. (அ + 5)² என்பதனை விரித்தெழுதி, அ என்பதற்கு 2 என்று இட்டு விடையைச் சரிபார்க்க.
5. இணையவழித் தேர்வைப் பற்றி மாணவர் கூறும் இருவகைக் கருத்துகளையும் தொகுத்து எழுதுக.
6. சென்ற தேர்வில் தவறிய கணக்கு ஒன்றை எடுத்து, எந்த வரியில் பிழை நேர்ந்தது, ஏன் நேர்ந்தது என்று விளக்கி எழுதுக.